பல்லிக்காக ஒரு மொட்டை

எங்கள் வீட்டில் புத்தகம் படிப்பதற்கும் வயது வரிசை இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான். எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் பந்தி அக்காவுக்கு, இரண்டாம் பந்தி எனக்கு. அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள், வேகமாகப் படிக்கக்கூடியவள். ஆனால் நான் அறை வாசலில் வந்து நின்றால் மட்டும் அவள் கையில் இருக்கும் பக்கம் திரும்பவே திரும்பாது. "முடிஞ்சிச்சா?" என்று கேட்டால், "இன்னும் ரொம்ப இருக்குலா" என்று சொல்லிவிட்டு, படித்த பக்கத்தையே மறுபடியும் படிப்பாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி எங்கள் வீட்டில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு நடமாடினாள்.

இப்படி வரிசையில் நின்று நாங்கள் படித்தது ஓர் ஆங்கில மாயக்கதைத் தொடர். மொத்தம் ஆறு பாகம். முழுக்கப் பனிமூட்டமாக ஒரு கடல், அதில் படகு ஓட்டும் ஒரு பெண், அவளுக்குத் துணையாக வயதான ஒரு பறக்கும் விலங்கு. பறக்கும் என்று பெயர்தான். ஒரு சிறகு ஒடிந்துபோனதால் அது பறந்ததைவிட நடந்ததே அதிகம். பஸ் அளவு உடம்பு, எந்நேரமும் பசி, எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பு. குளிர் தாங்காது. கூசாமல் பொய் சொல்லும். கதையில் இளவரசர்கள் இருந்தார்கள், வாளும் கையுமாகத் திரிந்த வீரர்கள் இருந்தார்கள். எனக்கு அவர்கள் யாரும் வேண்டாம். அந்த விலங்கு வாயைத் திறக்கும் பக்கங்களுக்காகத்தான் மற்ற பக்கங்களைப் பொறுத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அக்கா ஒரு மாதிரி உச்சரிப்பாள், நான் ஒரு மாதிரி உச்சரிப்பேன். இதற்காக முடியைப் பிடித்து இழுக்கும் அளவுக்குப் போயிருக்கிறோம். ஒருநாள் சண்டையை விலக்க வந்த அம்மா, கட்டிலில் கிடந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். "இந்தப் பல்லிக்கா ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்கிறீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது பல்லி. ஆறு பாகமும் சேர்ந்து பல்லி புத்தகம்.

முதல் ஐந்து பாகங்களும் எங்கள் ஊர்ச் சந்தையான சௌராஸ்தா பாசார் மாடியில் கிடைத்தவை. கீழே மீனும் கோழியும் ஜாதிக்காய் ஊறுகாயும் விற்பார்கள். மாடி ஏறினால் பழைய புத்தகக் கடைகள். அங்கே புத்தகம் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். எங்களுக்கு முதலில் வந்தது மூன்றாம் பாகம். அதனால் பல்லியை நாங்கள் சந்தித்தபோதே அதற்குச் சிறகு ஒடிந்திருந்தது. எப்படி ஒடிந்தது என்று தெரிந்துகொள்ள முதல் பாகம் வரும்வரை ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். அடுத்து ஐந்தாம் பாகம் வந்தது. அதில் ஒரு மந்திரி செத்துப்போனார். பிறகு இரண்டாம் பாகம் கிடைத்தபோது, அதே மந்திரி விருந்தில் உட்கார்ந்து வாத்துக்கறி தின்றுகொண்டிருந்தார். பாவம் மனுஷன், தெம்பாகச் சாப்பிடட்டும் என்று நாங்களும் அந்த விருந்தை நிறுத்தி நிதானமாகப் படித்தோம்.

பனிக்கடலை நம்புவதற்குப் பினாங்குப் பிள்ளைகளுக்குப் பெரிய கற்பனை தேவையில்லை. எங்கள் அப்பாவுக்குப் பட்டர்வொர்த் பக்கம் துறைமுகத்தில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறிக் கடலைக் கடப்பார். அண்டை நாட்டுக் காட்டுத்தீப் புகை வந்து மூடும் புகைமூட்டக் காலம் வந்துவிட்டால் அக்கரை தெரியாது, நடுக்கடலில் கப்பல் தெரியாது, பெர்ரியின் ஊதல் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். ஊரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டும். நானும் அக்காவும் மட்டும் வெல்ட் கீ படகுத்துறைப் பக்கம் போக வேண்டும் என்று அப்பாவை நச்சரிப்போம். "மனுசன் மூச்சு விட முடியல, இதுல உங்களுக்குக் கடல் பார்க்கணுமா?" என்று அவர் கேட்பார். கண் எரிய எரிய அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எங்களுக்கு இருந்த சந்தோஷம் அவருக்குப் புரியவே இல்லை.

ஆறாவது, கடைசிப் பாகம் வெளிவந்தபோது நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்திருந்தேன். ஜனவரியில் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று தொடங்க வேண்டும். நடுவில் நீண்ட விடுமுறை. பழைய புத்தகக் கடைக்கு வரும்வரை காத்திருக்கும் பொறுமை எங்கள் இருவருக்கும் இல்லை. அப்பாவைக் கெஞ்சிப் புதிதாகவே வாங்கிவிட்டோம். புத்தகம் செங்கல் கனம் இருந்தது. அட்டையில் பல்லி கண்ணை மூடிப் பனிக்கட்டிமேல் படுத்திருந்தது. தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை.

வழக்கம்போல முதல் பந்தி அக்காவுக்கு. இரண்டு நாள் அவள் அறையைவிட்டுச் சரியாக வெளியே வரவில்லை. சோற்றுத் தட்டைக்கூட உள்ளே எடுத்துப் போனாள். மூன்றாம் நாள் மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. மூக்குச் சிவந்திருந்தது. புத்தகத்தை என் கையில் வைத்தாள்.

"அக்கா, பல்லி செத்துப்போச்சா?"

"படிச்சுத் தெரிஞ்சுக்கோ."

"ஆமா இல்ல மட்டும் சொல்லு."

"சொல்ல முடியாது. போலா."

அழுத முகத்தோடு வந்து இப்படிச் சொன்னால் ஒரு பிள்ளை என்னதான் நினைக்கும்? எனக்குப் புத்தகத்தைத் திறக்கக் கை வரவில்லை. நேராகச் சாமி மேடைக்குப் போனேன். அது எங்கள் வீட்டுச் சுவரில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அடித்த ஒரு பலகை. அதில் முருகன் படம் நடுவில் இருக்கும். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினேன். "முருகா, அது மட்டும் சாகாம இருந்தா, வர்ற தைப்பூசத்துக்கு நான் மொட்டை போட்டுக்கிறேன்" என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன். மனசுக்குள் வேண்டினால் முருகனுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்ற பயம்.

முருகனுக்குக் கேட்டதோ இல்லையோ, சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. கரண்டியோடு ஓடி வந்தார்.

"யாருக்குடி என்ன? சுங்கை பாக்காப் மாமாவுக்கா? போன் வந்துச்சா?"

சுங்கை பாக்காப் ஊரில் இருந்த அந்த மாமா அம்மாவின் அண்ணன். கொஞ்ச நாளைக்கு முன்புதான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பியிருந்தார். அம்மாவின் கண்ணில் அதற்குள் தண்ணீர் கட்டிவிட்டது. நான் பயந்துபோய் உண்மையைச் சொன்னேன்.

"மாமாவுக்கு இல்லம்மா. பல்லிக்கு."

அம்மா என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நாள்காட்டிக்குப் பின்னால் இருந்த நிஜப் பல்லி ஒன்று 'ச்சக் ச்சக்' என்று சொல்லித் தொலைத்தது. ஒரு பேச்சு முடியும்போது பல்லி சொன்னால் அது நிச்சயம் நடக்கும் என்பது அம்மாவின் கணக்கு. அடுப்பில் மீன் கருகும் வாசனை வந்ததும் அம்மா கரண்டியோடு திரும்பி ஓடினார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் வீட்டில் வழக்கு நடந்தது. அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறினார். "வேலியில போன ஓணானப் புடிச்சு மடியில விட்டுக்கிட்டாளே உன் மவ" என்றார். பிறகு, "ஏண்டி, அது அச்சடிச்சு, அட்டை போட்டு, கப்பல்ல வந்து கடையில வித்த புத்தகம். செத்தாலும் பொழைச்சாலும் எல்லாம் ஏற்கனவே முடிஞ்சுபோச்சு. இதுல முருகன் என்ன பண்ண முடியும்?" என்று கேட்டார்.

நான் இதை யோசிக்காமல் இல்லை. "நான் வேண்டிக்குவேன்னு முருகனுக்கு முன்னாடியே தெரியும்ப்பா. அதனால எழுதும்போதே பார்த்துக்கிட்டிருப்பாரு" என்றேன். இன்றுவரை யாரும் எனக்கு இதற்குச் சரியான பதில் சொன்னதில்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை வேண்டுதல் வேண்டுதல்தான். தெரிந்து வேண்டினாலும் தெரியாமல் வேண்டினாலும், மனுஷனுக்கு வேண்டினாலும் பல்லிக்கு வேண்டினாலும், சாமிக்கு முன்னால் வாயைத் திறந்து சொன்னதைச் செய்தே ஆக வேண்டும். "அது பொழைச்சா குடுத்துத்தான் ஆகணும். செத்திருந்தா விட்டுரலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு என் சடையைப் பார்த்தார். அந்தப் பார்வையில், பல்லி செத்திருந்தால் பரவாயில்லை என்பது அப்படியே எழுதியிருந்தது.

காரணம் உண்டு. அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். தூசு படக்கூடாத இடம். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை போட்டு, கண் மட்டும் தெரியும்படி மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவருக்கு. வேலை நேரம் முழுவதும் அது துணிக்குள் சுருண்டு கிடக்கும். யாரும் பார்க்காத அந்த முடிக்கும் சேர்த்து என் முடியை அவர் வளர்த்தார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி, என்னைத் தரையில் உட்காரவைத்து, நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு தேய்ப்பார். அக்கா முடியை வெட்டிக்கொள்கிறேன் என்று அடம்பிடித்துத் தோள்வரை வைத்துக்கொண்ட பிறகு, வீட்டின் மானம் என் தலையில்தான் இருந்தது.

அன்றிரவே நான் படிக்கத் தொடங்கினேன். மறுநாள் முழுவதும் படித்தேன். புத்தகத்தின் முக்கால் பங்கில் பல்லி பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போய்விட்டது. படகுக்காரப் பெண் கரையில் நின்று கத்தினாள். நானும் இங்கே கத்தினேன். அக்கா வந்து எட்டிப் பார்த்து, "அந்த இடம்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வந்த அத்தியாயங்களில் யாரோ முடிசூடினார்கள், யாரோ யாரையோ மன்னித்தார்கள். எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. பல்லியின் பெயர் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே பக்கங்களைத் தாண்டினேன். கடைசியில் வந்தது. கடலோரத்தில் ஒரு மீனவன் வலையை இழுக்கிறான், கனமாக இருக்கிறது, வலைக்குள்ளிருந்து ஒரு குரல், "இங்கே சாப்பிட ஏதாவது உண்டா?" என்று கேட்கிறது.

நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். "பொழைச்சிருச்சு! பொழைச்சிருச்சு!" என்று வீடு முழுக்க ஓடினேன். அக்கா அழுததே சந்தோஷத்தில்தானாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் முடி தப்பித்திருக்கும். ஆனால் நான் அவளைத் திட்டக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். ஓடின வேகத்தில் சடை முன்பக்கம் வந்து விழுந்தது. அதைக் கையில் பிடித்த பிறகுதான் அடுத்த விஷயம் உறைத்தது.

தைப்பூசம் பள்ளி திறந்து சில வாரங்களில் வரும். படிவம் ஒன்று. புதுப் பள்ளி. தமிழ்ப்பள்ளியில் மொட்டை என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வருஷா வருஷம் நாலு மொட்டையாவது வகுப்பில் இருக்கும். அங்கே அப்படி இல்லை. மலாய், சீனப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி. முகமே பழகாத இடத்தில் முதல் மாதமே மொட்டைத் தலையோடு போய் உட்கார வேண்டும்.

இந்த நேரத்தில்தான் அம்மா பேரத்தைத் தொடங்கினார். "பொம்பளப் புள்ளைங்க பூமுடி குடுத்தா போதும்னு சொல்லுவாங்க. நுனியில மூணு கத்தரி. அதையும் சாமி ஏத்துக்கும்" என்றார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் நான் வேண்டியது மொட்டை. வாய்விட்டுச் சொன்னது மொட்டை. பாதியைக் கொடுத்துவிட்டு, மறுபடி புத்தகத்தைத் திறக்கும்போது வலையில் பல்லி இல்லாமல் போய்விட்டால்? அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு மறுபடியும் புரையேறியது.

"பல்லிய ஏமாத்த முடியாதும்மா" என்றேன் நான்.

அம்மா என் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "சரி. இத்தன வருசம் நான் வளர்த்த முடி. அது யாருக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியணும். மொதல்லருந்து கதையச் சொல்லு. அந்தப் பல்லி அதுக்குத் தகுதியான ஆளா இல்லையான்னு கேட்டுட்டு நான் சொல்றேன். தகுதின்னா மொட்டை, இல்லன்னா பூமுடி" என்றார்.

அப்படித்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதைக்கு ஜாமீன் நிற்க வேண்டிவந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் நேரம் கதை நேரமானது. அது போதாமல் லீவு நாட்களிலும் நடந்தது. புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வேன். தலைக்கு மேல் அம்மாவின் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். கதை பிடித்தால் விரல் மெதுவாகப் போகும். பிடிக்காவிட்டால் சீப்பு சிக்கில் மாட்டி வெடுக்கென்று இழுக்கும். இதைவிடக் கறாரான விமர்சகரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

முதல் பாகம் தொடங்கும்போதே, படகுக்காரப் பெண்ணின் அம்மா ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு பனிக்கடலுக்குள் போவாள். வழி தப்பிய படகுகளுக்கு வெளிச்சம் காட்டப் போனவள் திரும்பி வரமாட்டாள். பெண் அவளைத் தேடித்தான் கிளம்புவாள். ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் ராஜா வருவார், சண்டை வரும், மந்திரவாள் வரும், கதை எங்கெங்கோ போய்விடும். எனக்கும் அக்காவுக்கும் அது பெரிய விஷயமாகவே பட்டதில்லை. கதை என்றால் தொடங்கும்போது யாராவது காணாமல்போகத்தானே வேண்டும்.

அம்மாவுக்கு அப்படி இல்லை.

"அந்தப் பொண்ணோட அம்மா என்னாச்சு?"

"அது அப்புறம்மா. இப்ப ராஜா வராரு."

"ராஜா கிடக்கட்டும். ராத்திரி வேளையில தனியா போன பொம்பள. சாப்புட்டாளான்னுகூட எவனும் கேக்கல."

இரண்டாம் பாகத்தில் கேட்டார். மூன்றாம் பாகத்தில் கேட்டார். பெரிய போர் நடந்துகொண்டிருக்கும், ஆயிரம் பேர் வாளை உருவிக்கொண்டு நிற்பார்கள், அம்மா சிக்கெடுத்துக்கொண்டே, "இப்பவாச்சும் யாராச்சும் தேடுறாங்களா?" என்பார். "எனக்கு ஞாபகம் இல்லம்மா, வரமாட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்று ஒருநாள் சலிப்போடு சொன்னேன். சீப்பு அப்படியே நின்றது. "வரமாட்டாளா? என்னடி இவ்ளோ சுலுவா சொல்ற?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்தக் கேள்வி வரவில்லை. நான் நிம்மதியாகக் கதையை ஓட்டினேன்.

பல்லியை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அது எங்களுக்கு ஆச்சரியம். பொய் சொல்வதையும் முணுமுணுப்பதையும் கேட்டு, "உங்கப்பா மாதிரியே" என்று சிரித்தார். சிறகு ஒடிந்த இடத்தில், "தைலம் போட்டுக் கட்டுனாங்களா?" என்று விசாரித்தார். ஒருநாள் வேலையிலிருந்து வந்து கைப்பையை வைக்கும் முன்பே, "அந்தப் பாலத்துல நின்னுச்சே, எறங்கிருச்சா?" என்று கேட்டார். அந்தக் கதை அவரோடு பஸ்ஸில் பாயான் லெப்பாஸ்வரை போய், வெள்ளை உடைக்குள் எட்டு மணி நேரம் நின்று, மறுபடியும் பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு அன்றைக்கு வந்த பெருமை, பின்னால் எந்தப் பரிசு வாங்கியபோதும் வரவில்லை.

பள்ளி திறந்தது. நீளச் சடையோடு படிவம் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேசைப் பெண்கள் சடையைத் தொட்டுப் பார்த்து, "சந்தேக்" என்றார்கள், அழகு என்று அர்த்தம். எனக்கு உள்ளுக்குள் அழுகை வந்தது.

தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசிப் பாகத்தின் கடைசி அத்தியாயம். பல்லி வலையில் வந்துவிட்டது, எல்லோரும் படகுக்காரப் பெண்ணின் வீட்டில் கூடிச் சாப்பிடுகிறார்கள். முதல் தடவை நான் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இந்தப் பக்கங்களைத் தின்று முடித்திருந்தேன். இப்போது அம்மாவுக்காக ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு வரி வந்தது. கதவு திறந்தது, ஒரு பெண் உள்ளே வந்தாள், அணைந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு, நனைந்த மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடுத்த வரியில் படகுக்காரப் பெண் எழுந்து அவளுக்கு ஒரு தட்டு வைத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல்லி பேசத் தொடங்கிவிடும்.

"அம்மா! அவங்க அம்மா வந்துட்டாங்க! நான் இதைக் கவனிக்கவே இல்லை!"

என் தலைமேல் இருந்த கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். "தட்டு வெச்சாளா?" என்று கேட்டார். "வெச்சாம்மா" என்றேன். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தார். "பூமுடியெல்லாம் வேணாம். முழுசா குடுத்துருவோம்."

தைப்பூசத்தன்று விடியற்காலை நான்கு பேரும் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு நடந்தோம். வழியெல்லாம் உடைத்த தேங்காய், அடி எடுத்து வைத்தால் செருப்புக்குள் தேங்காய்த் தண்ணீர். தண்ணீர்ப் பந்தல்களில் பாட்டு அலறியது. மலை அடிவாரத்தில் கூடாரம் போட்டு முடி எடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் போட்ட கூச்சலில் பந்தல் பாட்டே கேட்கவில்லை. எங்கள் முறை வந்தது. முடி எடுப்பவர் புது பிளேடை மாட்டிக்கொண்டே, "பாப்பாவுக்குத்தானே? உட்காரும்மா" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தேன்.

"அவளுக்கு அப்புறம். மொதல்ல எனக்கு" என்று சொல்லிவிட்டு, அம்மா அந்த முக்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார்.

அப்பாவின் கையில் இருந்த அர்ச்சனைத் தட்டு சாய்ந்து வாழைப்பழம் உருண்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, வேண்டிக்கிட்டது நான்தானே! எனக்காக நீங்க ஏன் குடுக்கணும்?" என்று நான் கத்தினேன்.

"உனக்காக யாரு குடுக்குறா? உன் பல்லிக்கு நீதான் குடுக்கணும், தப்பிக்க முடியாது" என்றார் அம்மா. "நான் அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு வேண்டிக்கிட்டேன். வரமாட்டாங்கன்னு நீ சொன்னியே, அன்னிக்கே போயி சாமிகிட்ட சொல்லிட்டேன். விளக்க எடுத்துட்டுப் போனவ வீடு வந்து சேரணும்னு. வந்துட்டா இல்ல?"

வந்துவிட்டாள்தான். அதை யாராலும் மறுக்க முடியவில்லை. அந்தத் தொடரை எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் படித்திருப்பார்கள். எல்லோரும் பல்லிக்கும் ராஜாவுக்கும்தான் பயந்திருப்பார்கள். அந்த அம்மாவுக்காகக் கவலைப்பட்டது, ஒரு பக்கம்கூடப் படிக்காத என் அம்மா ஒருவர்தான் என்று எனக்கு அங்கே நிற்கும்போது தோன்றியது. ஈர முடி கொத்துக் கொத்தாக அவர் மடியில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. அம்மாவோ தலையைக் குனிந்தபடி, "ஆ, குளுகுளுன்னு இருக்கு. இது தெரியாம இத்தன வருசம் சுமந்திருக்கேன்" என்று சிரித்தார்.

பிறகு நான் உட்கார்ந்தேன். பிளேடு படும்போது கூச்சமாக இருந்தது, வலிக்கவில்லை. அக்கா சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் எங்கள் இரண்டு தலைக்கும் சந்தனம் பூசினாள். அப்பாவுக்கு முன்மண்டை எப்போதோ காலியாகியிருந்தது. அவர் எங்களுக்கு நடுவில் வந்து நின்று, "இந்த வீட்டுல வேண்டுதலே இல்லாம சாமிக்கு முடி குடுத்தவன் நான் ஒருத்தன்தான்" என்றார். அக்கா போனில் படம் எடுத்தாள். மூன்று பளபளப்பு மண்டைகள் உள்ள அந்தப் படம் என்னிடம் இப்போதும் இருக்கிறது.

தைப்பூச விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போகிற காலை. சீருடை, பை, தலையில் ஒரு தொப்பி. பள்ளிக்குள் தொப்பி போட முடியாது என்பதும் தெரியும். அம்மாவுக்கும் வேலை. தொழிற்சாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பி எதுவும் தேடாமல், சந்தனம் படிந்த மொட்டைத் தலையோடு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். எங்களுக்குக் கீழ்மாடியில் கதவு திறந்து, அங்கே குடியிருந்த, அம்மா அக்கா என்று கூப்பிடும் ஒரு பெண்மணி ஏறினார். அம்மாவோடு வேளாங்கண்ணி மாதாவைப் பற்றியும் முருகனைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர். அம்மாவின் தலையைப் பார்த்தார், தொப்பிக்குக் கீழே என் காதோரத்தைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, ரெண்டு பேருமா? யாருக்கும்மா என்ன? ஒரு வார்த்தை சொல்லலியே. வீட்டுல யாருக்காச்சும் முடியாம இருந்துச்சா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பல்லி, பனிக்கடல், விளக்கு, படகு என்று இந்த அக்காவிடம் லிஃப்ட் தரைக்குப் போவதற்குள் எப்படிச் சொல்வாரோ என்று தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டேன். அம்மாவின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"ஆமாக்கா, நம்ம ஆளுங்க ரெண்டு பேரு" என்றார். "ஒருத்தர் தண்ணிக்குள்ள போயிட்டாரு, ஒருத்தங்களக் காணவே இல்ல. ரொம்பப் பயந்துட்டோம். இப்ப கவலையில்ல, ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்து சாப்புட்டுட்டாங்க."